பெயருக்குக் கொடுக்கும் விலை

புதிதாகத் தொழில் தொடங்க முனையும் நமது இளைஞர்கள் கடைக்கு இடம் தேடுவதற்கு முன்னரே இணைய முகவரியைத் தேடுகின்றனர். அதில் தவறேதுமில்லை. ஆனால், விரும்பிய ஆள்களப் பெயரை வேறொருவர் ஏற்கெனவே பதிந்து வைத்துக்கொண்டு பெருந்தொகை கேட்கும்போது, கடன்பட்டேனும் அதனை வாங்கிவிட வேண்டுமென்று சிலர் துடிப்பதைக் காண்கிறேன். வேண்டாம் என்பதே எனது அபிப்பிராயம்.

பேஸ்புக் 2004இல் ‘தபேஸ்புக் டொட் கொம்’ என்ற முகவரியில்தான் ஆரம்பமானது. முன்னால் ஒட்டிக்கொண்டிருந்த அந்தத் ‘த’வை உதறுவதற்கு 2005இல் இரண்டு இலட்சம் டொலர் கொடுத்தார்கள். மோட்டார் வாகன நிறுவனமான டெஸ்லாவும் 2016 வரை ‘டெஸ்லாமோட்டர்ஸ்’ என்ற நீண்ட முகவரியுடனேயே காலந்தள்ளியது. ‘டெஸ்லா டொட் கொம்’ கைக்கு வருவதற்குப் பத்தாண்டுகளுக்கு மேலான முயற்சியும் 1 கோடியே 10 இலட்சம் டொலரும் தேவைப்பட்டதாக ஈலோன் மஸ்க் 2018இல் தெரிவித்தார். இருவரும் கையில் காசு வந்த பின்னரே வாங்கினர் என்பதைக் கவனியுங்கள்.

குறுகிய பெயரென்றால் போதும் என்பதும் மயக்கமே. ஓவர்ஸ்டொக் என்ற அமெரிக்க இணைய அங்காடி, மூன்றரை இலட்சம் டொலருக்கு வாங்கிய ‘ஓ டொட் கோ’ என்ற முகவரியை 2011இல் தன் வர்த்தக நாமமாகவே அறிவித்தது. வாடிக்கையாளரின் விரலோ பழக்கதோஷத்தில் ‘கொம்’ என்றே தட்டியது. நிறுவனம் பழைய பெயருக்கே திரும்ப நேர்ந்தது.

காதால் கேட்ட பெயரைக் கை பிழையின்றித் தட்டச்சிட வேண்டும். ஆள்களப் பெயரின் பெறுமதி அதிலேதான் இருக்கிறது. அழகான தமிழ்ப் பெயர்கள் இடறுவதும் இங்கேதான். ‘ழ’கரத்துக்கு ஒருவர் ‘எல்’ போடுவார், மற்றவர் ‘இசட் எச்’ போடுவார். ‘த’வுக்கு ‘ரி’ மட்டுமா, ‘ரி எச்’சா? தொலைபேசியில் எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டிய பெயர் வாடிக்கையாளரை வழியிலேயே தொலைத்துவிடும். 2010இல் ‘.இலங்கை’ என்ற தமிழ் முகவரி அங்கீகரிக்கப்பட்டமை இதற்கு ஒரு நல்ல தீர்வு. ஆயினும், தமிழ் விசைப்பலகை கைவராத வாடிக்கையாளருக்காக ஆங்கில எழுத்து முகவரியொன்றும் கூடவே இருக்கத்தான் வேண்டும். குழப்பம் தரும் இரண்டு எழுத்துக்கூட்டல்களையும் பதிந்துகொள்வது, பிறர் பதிந்த ஒன்றை விலைபேசுவதிலும் பார்க்க மலிவானது.

இன்னொன்று. முகவரி யார் பெயரில் பதியப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். தளத்தை வடிவமைத்துக் கொடுத்த தம்பியின் பெயரில் இருந்தால், அவர் வெளிநாடு போய்ச் சேர்வதற்கு முன்னர் உங்கள் நிறுவனத்தின் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். புதுப்பிக்கும் திகதியையும் குறித்து வையுங்கள்.