தீவு கறுத்துப் போனால் யார் துடைப்பது? வைகை போய்ச் சேரும் கடலுக்கு எண்ணெய் ஆபத்து

தேனி:

கடலே இல்லாத தேனி மாவட்டத்துக்கும் கடலில் கொட்டும் எண்ணெய்க்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். சம்பந்தம் இருக்கு. வருசநாட்டு மலையில் பிறந்து, ஆண்டிப்பட்டி பக்கத்தில் அணையில் தேங்கி, மதுரையைத் தாண்டி ஓடும் வைகை கடைசியாகப் போய்ச் சேருவது ராமநாதபுரம் கடலில்தான். அந்தப் பக்கத்துக் கடல் மீன்தான் ஐஸ் பெட்டியில் ஏறி கம்பம், சின்னமனூர், போடி கடைகளுக்கு வருது. ஞாயித்துக்கிழமை குழம்பு கொதிக்கணும்னா அந்தக் கடல் நல்லா இருக்கணும்.

அந்தக் கடலில் ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை வரிசையாக 21 குட்டித் தீவுகள் இருக்கின்றன. குருசடை, மனோலி, முசல், அப்பா, நல்லதண்ணி, காரைச்சல்லி, வான் தீவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர். அதில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் ஏற்கனவே தண்ணிக்குள் போய்விட்டன. ஆள் குடியில்லாத இந்தத் தீவுகளைச் சுற்றித்தான் பவளப்பாறையும், கடற்புல்லும், அந்தப் புல்லைத் தின்னும் கடல்பசுவும் இருக்கின்றன. மீன் குஞ்சு பொரித்து வளருவதும் அங்கேதான். 1986ல் இது கடல் தேசியப் பூங்கா ஆனது. 1989ல் 10,500 சதுர கி.மீ. பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

இந்தத் தீவுகளில் எண்ணெய் ஒட்டினால் என்ன செய்வது? யார் செய்வது? இதுதான் இப்போது எழும் கேள்வி.

மே மாதம் வந்தாலே பகீர்

2025 மே 24ந் தேதி விழிஞ்ஞத்தில் இருந்து கொச்சிக்குப் போன எம்.எஸ்.சி. எல்சா-3 என்ற சரக்குக் கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மறுநாள் மூழ்கியே விட்டது. அதில் 640க்கும் மேற்பட்ட கன்டெய்னர்கள், டேங்கில் 84 டன் டீசல், 367 டன் பர்னஸ் ஆயில். ஊழியர்கள் 24 பேரும் உயிர் தப்பியது ஒன்றுதான் ஆறுதல். கன்டெய்னர்கள் கொல்லம் கரையில் ஒதுங்கின. அதில் இருந்து கொட்டிய ஜவ்வரிசி மாதிரி பிளாஸ்டிக் குருணை கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை வரைக்கும் வந்து சேர்ந்தது.

அந்தப் பரபரப்பு அடங்குவதற்குள் ஜூன் 9ந் தேதி கேரளாவின் வடக்குப் பக்கக் கடலில் வான் ஹாய்-503 என்ற இன்னொரு கப்பல் தீப்பிடித்தது.

கொஞ்சம் பின்னால் போனால், 2021 மே 20ந் தேதி கொழும்பு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலில் தீ. அது எரிந்து மூழ்கியதில் இலங்கைக் கடற்கரை முழுக்க பிளாஸ்டிக் குருணை. செத்த ஆமைகள் கரை ஒதுங்கின. அதற்கு முந்தைய ஆண்டு, 2020 செப்டம்பர் 3ந் தேதி, இலங்கையின் அம்பாறை அருகே நியூ டயமண்ட் என்ற எண்ணெய்க் கப்பலில் தீ. அதற்குள் இருந்தது சுமார் 2 லட்சத்து 70 ஆயிரம் டன் கச்சா எண்ணெய். இந்தியக் கடலோரக் காவல்படை உள்பட பல கப்பல்கள் சேர்ந்து தீயை அணைத்தன. அந்தச் சரக்கு மட்டும் கொட்டியிருந்தால்..? நினைத்தாலே வயிற்றைக் கலக்குது.

மே, ஜூன், ஜூலை மாதங்களைக் கவனிக்கணும். கம்பம் பள்ளத்தாக்கில் வாழைத் தோட்டங்களைச் சாய்த்துப் போடும் அதே மேல்காத்து சீசன்தான் அது. தீவுகள் தூத்துக்குடியில் தொடங்கி வடகிழக்காக மண்டபம் நோக்கிப் போகின்றன. தென்மேற்குக் காற்று அடிப்பதும் அதே திசையில்தான். தூத்துக்குடி பக்கம் எண்ணெய் கொட்டினால் காற்றே அதைத் தீவு தீவாகத் தள்ளிக்கொண்டு போகும். அந்த சீசனில் கடலும் கொந்தளிப்பாக இருக்கும். அலை உயர்ந்தால் எண்ணெயைத் தடுக்கும் மிதவைக்கு மேலேயும் கீழேயும் அது வழிந்து போய்விடும்.

புத்தகத்தில் இருக்கு திட்டம்

திட்டமே இல்லைன்னு சொல்ல முடியாது. 1996 முதலே தேசிய எண்ணெய்க் கசிவுப் பேரிடர் திட்டம் இருக்கிறது. கடலில் கொட்டினால் பொறுப்பு கடலோரக் காவல்படை. துறைமுக எல்லைக்குள் கொட்டினால் துறைமுகம். 700 டன் வரையிலான கசிவு முதல் நிலை, 10 ஆயிரம் டன் வரை இரண்டாம் நிலை, அதற்கு மேல் மூன்றாம் நிலை. தூத்துக்குடியிலும் மண்டபத்திலும் காவல்படை நிலையங்கள் உள்ளன. எண்ணெய் எந்தப் பக்கம் போகும்னு கணக்குப் போட்டுச் சொல்ல ஐதராபாத்தில் ஒரு மத்திய நிறுவனமும் இருக்கு.

ஆனால் கரைக்கு வந்துவிட்டால்? அங்கே பொறுப்பு மாநில அரசுக்கு மாறிவிடும். கலெக்டர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், வனத்துறை, மீன்வளத்துறை என்று ஒரு பட்டாளமே இருக்கும். எல்லோரும் இருந்தால் யாரும் இல்லாத மாதிரிதான். தீவு என்றால் இன்னும் சிக்கல். சுற்றிலும் சில அடி ஆழம்தான், பெரிய கப்பல் நெருங்க முடியாது. தீவுக்கு ரோடு கிடையாது, கரண்ட் கிடையாது, கிரேன் கிடையாது.

எண்ணெயை உடைத்துக் கரைக்க மருந்து தெளிப்பது ஆழ்கடலில் வழக்கம். ஆழம் குறைந்த இடத்திலும் பவளப்பாறை பக்கத்திலும் அதைத் தெளிக்கவே கூடாது. மேலே மிதந்துகொண்டிருக்கும் எண்ணெய் மருந்து பட்டுக் கரைந்தால் அடியில் இருக்கும் பவளத்தின் மேலேயே போய் இறங்கும். சரி, தண்ணியைப் பீய்ச்சி அடித்துக் கழுவலாமா? 1989ல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் விபத்துக்குப் பிறகு சுடுதண்ணியைப் பீய்ச்சிப் பாறைகளைக் கழுவினார்கள். எண்ணெயில் பிழைத்திருந்த உயிர்களும் அந்தச் சுடுதண்ணியில் செத்தன.

ஆக, இந்தத் தீவுகளில் கடைசியில் மனிதன் கைதான் வேலை செய்யணும். யார் கை அது?

எண்ணூரில் பக்கெட்

2017 ஜனவரி 28ந் தேதி அதிகாலை சென்னை எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. முதலில் பெரிய பாதிப்பு இல்லை என்றார்கள். பிறகு பார்த்தால் கரையெல்லாம் கருப்பு. பர்னஸ் ஆயில் வெல்லப் பாகு மாதிரி. தண்ணியோடு கலந்து கெட்டியாகி இன்னும் பெருகும். மெஷினில் உறிஞ்ச முடியவில்லை. மீனவர்களும் மாணவர்களும் தீயணைப்பு வீரர்களும் பக்கெட்டில் அள்ளி வரிசையாகக் கைமாற்றிய காட்சியை உலகமே பார்த்தது.

அதில் இருந்து பாடம் படித்தார்களா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் ஆலைப் பகுதியில் இருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. மறுபடியும் மீனவர்கள் வாளியும் மக்கும் எடுத்து இறங்கினார்கள். ஆறு வருஷம் கழித்தும் அதே வாளி! பாதித்த மீனவக் குடும்பம் ஒன்றுக்கு 12,500 ரூபாயும், படகு ஒன்றுக்கு 10 ஆயிரம் ரூபாயும் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. படகில் ஒட்டிய எண்ணெயைச் சுரண்டி பெயின்ட் அடிக்கவே அது காணுமா என்பது தொழில் தெரிந்தவர்களுக்கு வெளிச்சம்.

எண்ணூரில் ரோடு இருந்தது, லாரி வந்தது. காரைச்சல்லி தீவுக்கு லாரி வருமா?

மொரீசியசில் கரும்புத் தோகை

தீவு விஷயத்தில் நேரடியான பாடம் தமிழர்கள் வாழும் மொரீசியசில் கிடைக்கிறது. 2020 ஜூலை 25ந் தேதி வகாசியோ என்ற ஜப்பான் நிறுவனக் கப்பல் பவளப்பாறையில் ஏறி நின்றது. எண்ணெய் கசியத் தொடங்கியது ஆகஸ்ட் 6ந் தேதி. நடுவில் 12 நாள் கிடைத்தும் கசிவைத் தடுக்க முடியவில்லை. சுமார் ஆயிரம் டன் எண்ணெய் கொட்டியது. பக்கத்திலேயே எக்ரெட் தீவு என்ற சின்னஞ்சிறு காப்பகம். வேறு எங்கேயும் இல்லாத செடிகொடிகள் அங்கே இருந்தன. அரிய செடிக்கன்றுகளையும் சின்னப் பல்லி இனங்களையும் அவசர அவசரமாக வெளியே தூக்கிக்கொண்டு போனார்கள்.

பொதுமக்கள் சும்மா இருக்கவில்லை. வைகை அணைப் பக்கம் கரும்பு வெட்டினால் கிடக்குமே தோகை, அதைத் துணிக்குள் திணித்து நீளநீளமாக மிதவை கட்டினார்கள். தலைமுடி எண்ணெயை உறிஞ்சும் என்பதால் முடி வெட்டிக் கொடுத்தார்கள். மனசு பெரிசுதான். ஆனால் எண்ணெயில் ஊறிய அந்தத் தோகை மூட்டைகளும் அப்புறம் அள்ளிப் போட வேண்டிய கழிவாகிவிட்டன.

இந்தக் கழிவுதான் பெரிய தலைவலி. கொட்டியது 10 டன் எண்ணெய் என்றால் அள்ளுவது 10 டன்னோடு நிற்காது. மணல், தண்ணி, பாசி, கையுறை, சாக்கு எல்லாம் சேர்ந்து பல மடங்காகிவிடும். தீவிலேயே குழி வெட்டிப் புதைத்தால் அடுத்த மழையில் கடலுக்கே திரும்பிவிடும். ஒவ்வொரு மூட்டையாக வள்ளத்தில் ஏற்றிக் கரைக்குக் கொண்டு வரணும். எந்தக் கரை, எந்த இடத்தில் இறக்குவது, பிறகு எங்கே கொண்டு போவது? எண்ணெய் வந்த அன்னைக்கு உட்கார்ந்து இதை யோசித்தால் எண்ணூர் கதைதான்.

கண்மாய்க் கரை கணக்கு

கண்மாய் நிறைஞ்சு உடையப் போகுதுன்னா ஊர்ப் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? எந்தப் பக்கம் வெட்டி விட்டால் சேதம் குறைவு என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பார்கள். ஊரைக் காப்பாற்ற நாலு வயலை விட்டுக்கொடுப்பார்கள். தீவுத் திட்டத்தின் உயிர்நாடியும் இதேதான். மணல் கரையில் எண்ணெய் ஒதுங்கினால் மண்வெட்டியால் அள்ளலாம். கடற்புல்லில், அலையாத்தி வேரில், பவளத்தில் ஒட்டினால் அள்ளவே முடியாது. அள்ளப் போகிறவன் காலே பவளத்தை நொறுக்கும். அதனால் எந்தத் தீவின் எந்தப் பக்கத்துக்கு முதலில் மிதவை கட்டுவது, எந்த மணல் திட்டில் எண்ணெயை ஒதுங்க விடுவது என்று தீவு தீவாக, காற்று சீசன் வாரியாக முன்கூட்டியே எழுதி வைக்கணும். ஆமை முட்டையிடும் மாதத்தில் அதே மணல் திட்டை விட்டுக்கொடுக்க முடியாது என்பதையும் சேர்த்து.

அந்தப் பாறை, அந்த நீரோட்டம், அந்த ஆழம் யாருக்குத் தெரியும்? நாட்டுப்படகு மீனவர்களுக்கும், விரலில் துணி சுற்றிக்கொண்டு முக்குளித்துப் பாசி எடுக்கும் பெண்களுக்கும்தான் அத்துப்படி. ஆனால் தேசியப் பூங்கா என்பதால் தீவில் அவர்கள் கால் வைக்கத் தடை. மேகமலை அடிவாரத்து மக்களுக்கு இது புதுசு இல்லை. மலைமாட்டை உள்ளே ஓட்டினால் கேஸ். அதே காட்டில் தீப்பிடித்தால் பச்சைக் கொப்பை ஒடித்து அடிக்க அதே ஆட்களைத்தான் தேடுவார்கள்.

2018 மார்ச் 11ந் தேதி குரங்கணித் தீயை தேனி மாவட்டம் மறக்காது. 23 உயிர்கள் போன அந்தச் சாயங்காலம், ஹெலிகாப்டர் வருவதற்கு முன்னால் மலை ஏறியவர்கள் உள்ளூர் கிராமத்து ஆட்கள். கருகிய பிள்ளைகளைத் துணியில் கட்டித் தூக்கி இறக்கியது அவர்கள்தான். எந்தத் திட்டப் புத்தகத்திலும் அவர்கள் பேர் இல்லை.

தீவிலும் முதலில் போய் நிற்கப் போவது நாட்டுப்படகுக்காரர்தான். அப்படியென்றால் அவர் பேரை இப்போதே பட்டியலில் எழுதினால் என்ன? ஆபத்து நேரத்தில் தீவுக்குப் போக அனுமதியை வனத்துறை முன்கூட்டியே கையில் கொடுத்தால் என்ன? கையுறை, பூட்ஸ், முகமூடி வாங்கி மண்டபம், கீழக்கரை, வேம்பாரில் அடுக்கி வைத்தால் என்ன? பர்னஸ் ஆயில் தோலில் பட்டால் அரிப்பு, புகை ஏறினால் தலைசுற்றல், வாந்தி. எண்ணூரில் வெறும் கையோடு அள்ளினவர்களைக் கேட்டால் தெரியும்.

காசு யார் கொடுப்பது?

கப்பல்காரன்தான் கொடுக்கணும் என்கிறது சட்டம். ஆனால் சும்மா கொடுத்துவிட மாட்டான். எக்ஸ்பிரஸ் பேர்ல் வழக்கில் 100 கோடி டாலர் கொடுக்கச் சொல்லி இலங்கை சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது 2025 ஜூலையில். நாலு வருஷம் ஆச்சு. எல்சா-3 விவகாரத்தில் கேரள அரசு கேட்டது 9,531 கோடி ரூபாய். ஐகோர்ட்டு ஈடாக நிர்ணயித்தது 1,227 கோடி. அந்த நேரத்தில் கேரள மீனவக் குடும்பத்துக்கு உடனடியாக அறிவிக்கப்பட்டது ஆயிரம் ரூபாயும் 6 கிலோ அரிசியும்.

கோர்ட்டில் நிற்க ஆதாரம் வேணும். எண்ணெய் வருவதற்கு முந்தைய நாள் பவளம் எப்படி இருந்தது, ஒரு வள்ளத்துக்கு எத்தனை கிலோ மீன் கிடைத்தது, எத்தனை பெண்கள் பாசிக்குப் போனார்கள் என்ற கணக்கு இருந்தால்தான் இழப்பை நிரூபிக்கலாம். பாசி எடுக்கும் பெண்ணுக்கு ரசீது ஏது? வியாபாரி சொன்ன எடை, சொன்ன விலை. கணக்கில் இல்லாதவளுக்கு நஷ்ட ஈடும் இல்லை. அந்தக் கணக்கை இப்போதே எழுத ஆரம்பிக்க மீன்வளத்துறைக்கு எந்தக் கப்பலும் மூழ்கத் தேவையில்லை.

ஆள் பழக்குவதற்கும் நேரம் இருக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். கூலிக்குப் போகும் மீனவர்கள் 8 ஆயிரம் ரூபாய் நிவாரணத்தை வைத்துக்கொண்டு வலை பின்னிக்கொண்டு இருப்பார்கள். அந்த 61 நாளில் ஒரு பத்து நாள் தினக்கூலி கொடுத்து மிதவை இழுக்கவும், மூட்டை கட்டவும், பவளத்தில் கால் படாமல் இறங்கவும் சொல்லிக் கொடுக்கலாம். தடைக்காலம் முடியும்போது மேல்காத்து தொடங்கியிருக்கும்.