பிஸ்கட்டைக் கீழே வையுங்கள்

நவம்பர் 14 வந்தால் போதும், பெங்களூரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் ஐ.டி. வளாகங்களிலும் சர்க்கரை நோய் விழிப்புணர்வுக் கூட்டம் களைகட்டிவிடும். கேள்வி நேரத்தில் யாராவது எழுந்து, "எனக்குச் சுகர் கிடையாது. ஆனா பதினொரு மணி ஆனா கை நடுங்குது, வேர்த்துக் கொட்டுது, நெஞ்சு படபடங்குது" என்பார். மேடையில் பதில் தயாராக இருக்கும்: "அது லோ சுகர். பையில எப்பவும் பிஸ்கட் வச்சுக்குங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஏதாவது சாப்பிட்டுக்கிட்டே இருங்க." கேட்டவர் நன்றி சொல்லி உட்காருவார். கன்னடத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பல வருடங்களாக இதே பதிலைக் கேட்டு வருகிறேன். மனிதர்களை நாளெல்லாம் தின்ன வைத்து, நாளெல்லாம் நடுங்க வைக்கும் அறிவுரை இது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை இறங்கினால் உடனே இனிப்பு கொடுக்கத்தான் வேண்டும். அதில் விவாதமே இல்லை. நான் பேசுவது எந்த மருந்தும் எடுக்காமல், சாப்பிட்ட இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் சர்க்கரை சரிந்து அவதிப்படுகிறவர்களைப் பற்றி. மருத்துவர்கள் இதை ரியாக்டிவ் ஹைப்போகிளைசீமியா என்கிறார்கள்.

'சாப்பிடாமல் இருந்ததால்தான் சர்க்கரை இறங்கியது' என்பது மேடைக்காரர்களின் அடிப்படை. உண்மை இதற்கு நேர்மாறானது. சாப்பிட்டதால்தான் இறங்கியது. காலை எட்டரைக்கு ஒரு தர்ஷினி உணவகத்தில் நின்றபடியே என்ன சாப்பிடுகிறோம் என்று பாருங்கள். காராபாத் ஒரு கரண்டி, கேசரிபாத் ஒரு கரண்டி, சர்க்கரை போட்ட காபி. இல்லாவிட்டால் மூன்று செட் தோசை, கொஞ்சம் சாகு. ரவை, அரிசி, உருளைக்கிழங்கு, சர்க்கரை. பத்து நிமிடத்தில் தட்டு காலி. மென்று கரைக்க நாரில்லை, வேகத்தைக் குறைக்கப் புரதமும் இல்லை என்பதால் அரைமணி ஒரு மணிக்குள் ரத்தத்தில் சர்க்கரை கிடுகிடுவென ஏறுகிறது. கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. சிலருக்கு அது சற்றுத் தாமதமாக, தேவைக்கு மேல் சுரக்கிறது. உணவிலிருந்து வந்த சர்க்கரை தீர்ந்த பிறகும் இன்சுலின் ரத்தத்தில் நிற்கிறது. சர்க்கரை வெறும் வயிற்றில் இருந்த அளவுக்கும் கீழே போகிறது. அதைத் தூக்கி நிறுத்த உடம்பு அட்ரினலினை இறக்குகிறது. நடுக்கம், வியர்வை, படபடப்பு, அகோரப் பசி எல்லாம் அந்த அட்ரினலினின் வேலை. பதினொரு மணி நடுக்கத்துக்கு எட்டரை மணித் தட்டுதான் காரணம்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. இன்சுலின் மருந்தாக வந்தது 1922-ல். அதை அதிகமாகப் போட்டுக்கொண்ட நோயாளிகளுக்கு வரும் அதே தொந்தரவுகள், ஊசியே போடாதவர்களுக்கும் வருவதைக் கவனித்து 1924-லேயே எழுதினார் அமெரிக்க மருத்துவர் சீல் ஹாரிஸ். 1936-ல் மிச்சிகனைச் சேர்ந்த ஜெரோம் கான், மாவுச்சத்தைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டிய உணவு இவர்களுக்குப் பயன் தருவதை எழுதினார். கிட்டத்தட்ட தொண்ணூறு வருடம் ஆகிவிட்டது. நம் மேடைகளுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

இப்போது பிஸ்கட்டுக்கு வருகிறேன். என்னை அதிகம் கொதிக்க வைப்பது அதுதான்.

ஒரு பெரியவரின் உடலில் ஏறத்தாழ ஐந்து லிட்டர் ரத்தம். வெறும் வயிற்றில், ஒரு டெசிலிட்டருக்குத் தொண்ணூறு மில்லிகிராம் சர்க்கரை என்று வைத்துக்கொண்டால், மொத்த ரத்தத்திலும் கரைந்திருப்பது நாலரை கிராம். ஏறத்தாழ ஒரு டீஸ்பூன் அளவுதான். இந்த அளவை நூலிழையில் காக்கத்தான் கல்லீரலும் கணையமும் இரவு பகலாகப் பாடுபடுகின்றன. அங்கே 'லோ சுகர்' என்று சொல்லி, சர்க்கரை சேர்த்த ஒரு சிறிய பெட்டி ஜூஸைக் குடிக்கச் சொல்கிறோம். அதில் இருபது கிராமுக்கு மேல் சர்க்கரை இருப்பது சாதாரணம். பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். மைதா, சர்க்கரை, எண்ணெய் என்ற வரிசையில்தான் பெரும்பாலும் தொடங்கும். காலை எட்டரைக்கு எது இந்தச் சரிவைத் தொடங்கி வைத்ததோ, அதையே பதினொரு மணிக்கு மறுபடி கொடுக்கிறோம். சர்க்கரை ஏறும், நடுக்கம் நிற்கும், 'பார்த்தீர்களா, பிஸ்கட் வேலை செய்தது' என்று நம்பிக்கை வரும். இன்சுலின் மறுபடி பாயும். ஒன்றரை மணிக்கு மறுபடி நடுக்கம்.

என் அண்ணன் மகள் ஒயிட்ஃபீல்டில் வேலை செய்கிறாள். அவள் மேசை இழுப்பறையை ஒருநாள் பார்த்தேன். கோப்புகள் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று வகை பிஸ்கட், க்ரீம் வேஃபர், குளுக்கோஸ் பொடி டப்பா. "மீட்டிங் நடுவுல மயக்கம் வந்துரும் சித்தப்பா, அதான்" என்றாள். பயத்திலேயே வாழ்ந்துகொண்டிருந்தாள். எடையும் ஏறிக்கொண்டே போனது. நடுக்கம் வந்த ஒரு முற்பகலில் விரலைக் குத்திப் பார்த்தபோது குளுக்கோமீட்டர் 52 காட்டியது. அன்று காலை அவள் பட்டினி கிடக்கவில்லை, பூரி சாப்பிட்டிருந்தாள். அவளுடைய மருத்துவர் இழுப்பறையைக் காலி செய்யச் சொன்னார். காலையில் இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் கோசம்பரி (ஊறவைத்த பருப்புச் சாலட்), அதன்பின் ஒரே ஒரு தோசை. சர்க்கரை இல்லாத காபி. கையோடு எடுத்துப் போக வறுத்த வேர்க்கடலையும் கொண்டைக்கடலைச் சுண்டலும். சில வாரங்களில் பதினொரு மணி என்பது அவளுக்குச் சாதாரண நேரமாகிவிட்டது.

அரசாங்கத்துக்கே இது ஓரளவு புரிந்திருக்கிறது. 2019 ஜூனில் மத்திய சுகாதார அமைச்சகம் தன் அலுவலகக் கூட்டங்களில் பிஸ்கட் பரிமாறக் கூடாது, வறுத்த கடலை, பாதாம், வால்நட் போன்றவற்றை வைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. அமைச்சக அதிகாரிகளுக்கு ஆகாத பிஸ்கட், கை நடுங்குகிறவர்களுக்கு மட்டும் எப்படி மருந்தாகும்?

மயக்கம் வரும் அளவுக்கு நிஜமாகவே சர்க்கரை இறங்கிவிட்டால் கொஞ்சம் சர்க்கரை எடுத்துத்தான் ஆக வேண்டும், அது முதலுதவி. எடுத்த கையோடு முட்டையோ கடலையோ தயிரோ சாப்பிட வேண்டும், அப்போதுதான் அடுத்த சரிவு வராது. முதலுதவியையே அன்றாடச் சாப்பாடாக்கியதுதான் மேடைக்காரர்கள் செய்த தீங்கு.

'அரிசியைக் குறைத்தால் மூளைக்குச் சர்க்கரை போகாது' என்பது அடுத்த பயமுறுத்தல். மூளைக்கு நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் தேவைப்படுவது உண்மை. அதை வாய்வழியே மட்டும்தான் தர முடியும் என்பது பொய். இரவு முழுக்கத் தூங்குகிறோமே, அப்போது யார் மூளைக்கு ஊட்டுகிறார்கள்? கல்லீரல்தான். சேமித்து வைத்ததை அவிழ்த்துவிடுகிறது, போதாததற்குப் புரதத்திலிருந்து புதிதாகவே குளுக்கோஸ் தயாரிக்கிறது. தவிர, மாவுச்சத்தை அடியோடு விடச் சொல்லவில்லை. இந்தியர்களின் உணவில் சுமார் 62 சதவீதக் கலோரி மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் என்ற தேசிய ஆய்வு காட்டியிருக்கிறது. அந்த மலையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பருப்பு, முட்டை, மீன், பன்னீர், காய்கறி வையுங்கள் என்பதே கோரிக்கை. தட்டில் உள்ளதைச் சாப்பிடும் வரிசையும் முக்கியம். காயும் புரதமும் முதலில், சோறு கடைசியில் என்றால் அதே சோறு சர்க்கரையைக் குறைவாகவே ஏற்றுகிறது. இந்தக் கோளாறுக்கு மருத்துவர்கள் சில சமயம் எழுதித் தரும் அகார்போஸ் மாத்திரை செய்வதும் மாவுச்சத்து குடலில் உடையும் வேகத்தைக் குறைப்பதுதான். மாத்திரை செய்கிற வேலையைத் தட்டிலேயே செய்துகொள்ளலாம்.

இந்த ஊரில் கேழ்வரகை வைத்து ஒரு குழப்பமும் உண்டு. ராகி என்றாலே சர்க்கரை ஏறாது என்று நினைக்கிறார்கள். நைசாக அரைத்து வெல்லம் போட்டுக் காய்ச்சிய ராகி மால்ட் வேகமாகத்தான் ஏற்றும். அவரைக்காய்ச் சாற்றோடு ஓர் அளவான ராகி முத்தே (கேழ்வரகுக் களி) வேறு சங்கதி.

'உடற்பயிற்சி செய்யாதே, மயங்கி விழுவாய்' என்பது இன்னொரு பயமுறுத்தல். வேலை செய்யும் தசை இன்சுலின் உதவி இல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். சாப்பிட்டு முடித்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் சர்க்கரையின் உச்சி மழுங்குகிறது. உச்சி மழுங்கினால் கணையம் அவ்வளவு இன்சுலினைக் கொட்ட வேண்டியதில்லை, சரிவும் ஆழமாகாது. வாரத்தில் சில நாள் எடை தூக்கித் தசையை வளர்த்தால், சர்க்கரையை வாங்கி வைத்துக்கொள்ள உடம்பில் இடம் கூடுகிறது. தவறு நேரத்தில்தான் இருக்கிறது. இட்லி சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து, இன்சுலின் இன்னும் ரத்தத்தில் நிற்கும்போது ஜிம்முக்கு ஓடினால் தலை சுற்றத்தான் செய்யும். விடிகாலையில் லால்பாக் பூங்காவை வேகமாகச் சுற்றிவிட்டு, வெளியே வந்ததும் மசால் தோசையும் ஜாமூனும் சாப்பிட்டு காரில் ஏறுகிறவர்களும் நடையின் பெரும்பயனை இழக்கிறார்கள். தோசைக்குப் பின்னும் ஒரு சுற்று நடக்க வேண்டும்.

'அடிக்கடி சாப்பிடு' என்பதில் உள்ள ஒரே நியாயம், ஒரு வேளையின் அளவு சிறிதாக இருக்கட்டும் என்பது. சிறிதாக இருந்தாலும் அது பிஸ்கட்டாக இருக்கக் கூடாது.

'இதெல்லாம் ஒரு வியாதியா, கவலைப்படாதே' என்கிறவர்களை நம்பாதீர்கள். இன்சுலின் தாமதமாகச் சுரப்பது சிலருக்குச் சர்க்கரை நோயின் தொடக்கமாகவும் இருக்கக்கூடும். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் கணக்கின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். பிஸ்கட்டைக் கையில் கொடுத்து அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் அந்த வாசலில் இருக்கிறார்கள் என்று எந்த மேடையும் கேட்பதில்லை.

ஆகவே நடுக்கம் வந்தால் முதலில் விரலைக் குத்தி அளவு பாருங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, எவ்வளவு காட்டியது என்று எழுதி வையுங்கள். 1938-ல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஆலன் விப்பிள் வகுத்த மூன்று நிபந்தனைகள் இன்றும் செல்லும்: தொந்தரவு இருக்க வேண்டும், அந்த நேரத்தில் சர்க்கரை குறைந்திருக்க வேண்டும், சர்க்கரை ஏறியதும் தொந்தரவு நீங்க வேண்டும். மூன்றும் பொருந்தாவிட்டால் காரணம் வேறு, அதைத் தேட வேண்டும். வெறும் வயிற்றில் இறங்கினாலோ, வயிற்றில் அறுவை சிகிச்சை செய்திருந்தாலோ, நினைவு தப்பினாலோ ஒருநாளும் தள்ளிப்போடாமல் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பாருங்கள். மற்றவர்கள் நாளைக் காலைத் தட்டிலிருந்தே தொடங்கலாம். அடுத்த நவம்பரில் யாராவது மேடையில் பிஸ்கட் என்று சொன்னால், எழுந்து நின்று, "அவர் காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டீர்களா?" என்று கேளுங்கள்.