பறவை எச்சத்துக்கு வந்த சண்டை!

1864-ம் ஆண்டு. பெரு நாட்டுக் கரை ஓரம் உள்ள சின்சா தீவுகளை ஸ்பெயின் கப்பல் படை பிடித்துக்கொண்டது. அங்கே தங்கம் இல்லை, வெள்ளி இல்லை. மலை மலையாக இருந்தது பறவை எச்சம்!

"குவானோ" என்று அதற்குப் பெயர். அருமையான உரம். ஐரோப்பாவில் ஏகக் கிராக்கி. அதை வெட்டி எடுக்கச் சீனக் கூலிகளைக் கப்பலில் கொண்டுபோனார்கள். தூசியிலும் வெயிலிலும் பலர் மாண்டார்கள்.

ஐரோப்பாவின் மண்ணுக்கு என்ன கேடு வந்தது? ஜெர்மன் ரசாயன நிபுணர் லீபிக் விளக்கினார். தானியம் கிராமத்தில் விளைகிறது. பட்டணத்தில் தின்று தீர்க்கிறார்கள். மண்ணை விட்டுப் போன சத்து மண்ணுக்குத் திரும்புவது இல்லை. லண்டன் நகரக் கழிவு தேம்ஸ் நதியில் விழுந்தது. 1858-ம் ஆண்டுக் கோடையில் நாற்றம் தாங்காமல், பார்லிமெண்டின் திரைகளை மருந்து நீரில் நனைத்துத் தொங்கவிட்டார்கள்!

மார்க்சின் கணக்கு

லீபிக்கைக் கருத்தாகப் படித்தவர்களில் காரல் மார்க்சும் ஒருவர். முதலாளித்துவ விவசாயம் தொழிலாளியோடு சேர்த்து மண்ணையும் கொள்ளை அடிக்கிறது என்று, 1867-ல் வந்த "மூலதனம்" நூலில் அவர் வாதாடினார். லாபக் கணக்கில் மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன் எழுதப்படுவதே இல்லை.

இந்தப் பழைய வாதத்துக்கு இப்போது புது மவுசு. மார்க்சின் குறிப்பு நோட்டுகளைத் துருவி ஆராய்ந்த ஜப்பானியப் பேராசிரியர் கோஹெய் சைட்டோ 2020-ல் எழுதிய நூல், ஜப்பானில் 5 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. பூமி சூடாவதைத் தடுக்க வேண்டுமானால், ஓயாத உற்பத்திப் பெருக்கத்தையே நிறுத்த வேண்டும் என்கிறார் அவர்.

மார்க்சியவாதிகள் எல்லோரும் இதற்குத் தலை ஆட்டவில்லை. அரை வயிற்றுக் கஞ்சி குடிக்கும் நாட்டிடம் "வளராதே" என்று யார் சொல்வது? இன்னொரு கேள்வியும் உண்டு. சோவியத் நாட்டில் முதலாளி கிடையாது. பருத்திக்காக ஆறுகளைத் திருப்பினார்கள். ஆரல் கடல் வற்றியது. இதை மழுப்பிவிட்டு முதலாளியை மட்டும் ஏசுவது நியாயம் ஆகாது.

உர மூட்டை

ஆனால் லீபிக் கண்ட ஓட்டை இன்னும் அடைபடவில்லை. சின்சா எச்சம் சில பத்தாண்டுகளில் தீர்ந்தது. 1913-ல், காற்றில் உள்ள நைட்ரஜனை உரமாக்கும் ஆலை ஜெர்மனியில் ஓடத் தொடங்கியது. இன்று அந்த வகை ஆலைகள் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவை நம்பி இருக்கின்றன. 2022-ல் ரஷியா உக்ரைன் மீது படை எடுத்ததும் எரிவாயு விலை எகிறியது. ஐரோப்பாவில் பல உர ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தன. எங்கோ நடந்த சண்டைக்கு, பல நாட்டு விவசாயிகள் உர மூட்டையில் விலை கொடுத்தார்கள்.

அப்படி வாங்கிப் போட்ட உரத்திலும் பயிர் உண்டது போக மிச்சத்தில் ஒரு பகுதி, மழைத் தண்ணீரோடு ஆற்றுக்குத்தான் போகிறது.