‘தனியா லேடீஸ்னா ரூம் இல்லம்மா’

சென்னைக்கு முதல்முறையாக வருகிறேன், எங்கே தங்கலாம் என்று ஓர் எழுத்தாளரிடம் கேட்டுப் பாருங்கள். ‘திருவல்லிக்கேணிதான்’ என்பார். கூடவே ஒரு மேன்ஷன் கதையும் வரும். பத்துக்குப் பத்து அறை, மூன்று கட்டில், ஜன்னல் கம்பியில் காயும் லுங்கி, மாடிக் கோடியில் பொது பாத்ரூம், மாசக் கடைசியில் மெஸ்ஸில் கடன், மொட்டை மாடியில் விடிய விடிய இலக்கியம். கதை முடியும்போது, ‘அந்த மாதிரி ஒரு ஏரியா இனிமே கிடைக்காதுப்பா’ என்று ஒரு பெருமூச்சு. அந்தப் பெருமூச்சை நான் இருபது தடவையாவது கேட்டிருப்பேன். இருபது பேரும் ஆண்கள்.

இந்தக் கட்டுரை அந்தப் பெருமூச்சுக்கு எதிரானது. திருவல்லிக்கேணிக்கு எதிரானது அல்ல. எனக்கும் அந்த இடத்தைப் பிடிக்கும். நடந்து போகிற தூரத்தில் பார்த்தசாரதி கோயிலும் வாலாஜா பள்ளிவாசலும் இருக்கின்றன. ஜாம்பஜார் மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு திரும்பினால் பாரதி சாலை நடைபாதையில் பழைய புத்தகம். பசித்தால் கையில் இருக்கிற காசுக்கு ஏற்ற சாப்பாடு, ஐந்தாறு மாவட்டத்து ருசியில். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் கிழக்கே பார்த்த எந்தச் சந்தில் நின்றாலும் கடல்காற்று. தெருவில் மாடு நிற்கும், ஆட்டோ முட்டுகிற மாதிரி வரும், சாக்கடை சில நாள் வழியும். அதெல்லாம் பழகிவிடும். வெளியூர்க்காரனை அந்நியமாகப் பார்க்காத இடம் என்று அதற்குப் பெயர். வெளியூர்க்கார‘னை’ என்பதுவரை அது உண்மைதான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு வேலைக்கான எழுத்துத் தேர்வுக்காக மேலூரிலிருந்து வந்தேன். ஞாயிறு காலை ஒன்பதரைக்குத் தேர்வு, சேப்பாக்கம் பக்கத்தில் சென்டர். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அவரை விட்டுவிட்டு அம்மா வர முடியாது. ‘திருவல்லிக்கேணி போயிடு, லாட்ஜுக்குப் பஞ்சமே இல்ல’ என்றான் சித்தப்பா பையன். அவன் அங்கே இரண்டு வருஷம் இருந்தவன். சனிக்கிழமை வைகையில் வந்து எழும்பூரில் இறங்கினேன். பையில் ஹால்டிக்கெட், ஆதார் அட்டை, ரூமுக்கென்று தனியாக மடித்து வைத்த ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.

முதலில் போனது ஒரு மேன்ஷன். ‘இது ஜென்ட்ஸ் மேன்ஷன்மா’ என்றார் மேனேஜர். சரி, நியாயம். இரண்டாவது இடத்தில் தினவாடகை என்று போர்டே இருந்தது.

‘கூட யாரு வந்திருக்காங்க?’

‘யாருமில்ல சார், நான் மட்டும்தான். நாளைக்குப் பரீட்சை.’

‘தனியா லேடீஸ்னா ரூம் இல்லம்மா.’

மூன்றாவது இடத்தில் ஹால்டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, ‘அப்பாகிட்ட பேசணும்’ என்றார்கள். போன் போட்டுக் கொடுத்தேன். கண்ணில் கட்டோடு கட்டிலில் படுத்திருந்த என் அப்பா, முன்பின் தெரியாத ஒருவரிடம், ‘ஆமாங்க, என் பொண்ணுதாங்க, நல்ல பொண்ணுதாங்க’ என்று சொன்னார். அது எனக்கும் கேட்டது. போனைத் திருப்பிக் கொடுத்த மேனேஜர், ‘ஓனர் ஒத்துக்க மாட்டார்மா’ என்றார். நான்காவது இடத்தில் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஐந்தாவது இடத்தில் ரொம்பக் கனிவாகப் பேசினார்கள்: ‘உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். இங்கெல்லாம் தங்காதே.’ அப்போது மணி ஏழரை. என் நல்லது அந்த நேரத்தில் தெருவில் நின்றுகொண்டிருந்தது.

அன்று ராத்திரி என்னைத் தங்க வைத்தது ஒரு பிளாட்பார இட்லிக் கடை அக்கா. அவருக்கும் மூன்று பெண் பிள்ளைகளுக்கும் இருந்த ஒரே அறையில் எனக்கும் ஒரு பாய் விரித்தார். காலையில் குளிக்க இரண்டு வாளித் தண்ணீர் எடுத்து வைத்தார். இட்லிக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார். இந்த இடத்தில் நீங்கள் நெகிழ்ந்துவிடுவீர்கள் என்று தெரியும். தயவுசெய்து வேண்டாம். அந்த அக்காவுக்கு நான் பட்ட கடன் தீராது, அது வேறு கணக்கு. ஆனால் காசும் கையுமாக வந்த ஒருத்திக்கு ஓர் ஏழையின் இரக்கம் தேவைப்பட்டதே, அதுதான் அசிங்கம். ‘என்ன இருந்தாலும் நம்ம ஜனங்க நல்லவங்க’ என்று அந்தக் கதையை முடித்துவிட்டால் அந்த ஐந்து கவுண்டர்களும் தப்பித்துவிடும்.

அந்தத் தேர்வில் நான் தேறவில்லை. லாட்ஜ்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். கணக்குதான் காரணம்.

அடுத்த வருஷம் வேறொரு தேர்வு. இந்தத் தடவை தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவன் அப்போது பிளஸ் ஒன். அரும்பு மீசை. வேண்டுமென்றே அந்த இரண்டாவது லாட்ஜுக்கே போனேன். ஐந்து நிமிஷத்தில் ரூம் கிடைத்தது. ‘தம்பி, பேரு சொல்லுப்பா’ என்று கேட்டு ரிஜிஸ்டரில் முதலில் அவன் பெயரை எழுதினார்கள். கீழே ‘உடன்: அக்கா’. வாடகை கொடுத்தது நான், அடையாள அட்டை கொடுத்தது நான். அவனிடம் இருந்தது ஸ்கூல் ஐடி மட்டும். பதினாறு வயசுப் பையன் இருபத்துநாலு வயசுப் பெண்ணுக்குக் கார்டியன். ‘ஜாலியா இருக்குக்கா’ என்று அவன் ஃபேனைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டான். எனக்கு ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லை.

இதையெல்லாம் சொன்னால் உடனே வருகிற பதில்கள் எனக்கு மனப்பாடம்.

‘பாதுகாப்புக்குத்தானே?’ யாருடைய பாதுகாப்புக்கு? உள்ளே இருக்கும் ஆண்களால் எனக்கு ஆபத்து என்றால், தாழ்ப்பாளைச் சரிசெய்யுங்கள், மாடியில் விளக்குப் போடுங்கள், வம்பு செய்கிறவனை வெளியே அனுப்புங்கள். என்னை வெளியே அனுப்பிவிட்டு அதைப் பாதுகாப்பு என்று சொல்லக் கூடாது. இருட்டிய பிறகு தெரியாத ஊரின் தெரு, பூட்டுப் போட்ட ஓர் அறையைவிட எந்த விதத்தில் பத்திரம்?

‘போலீஸ் வந்தா லாட்ஜ்காரனுக்குத்தானே தொல்லை?’ தனியாக ரூம் எடுக்கிற பெண் என்றாலே ஒரே ஒரு அர்த்தம்தான் என்று நினைக்கிற மனசுதான் அந்தத் தொல்லைக்குக் காரணம். அந்த மனசின் செலவை நான் ஏன் கட்ட வேண்டும்?

‘அவன் லாட்ஜ், அவன் இஷ்டம்.’ இல்லை. அரசியலமைப்பின் 15(2) பிரிவு, மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்பதை மட்டும் காரணமாகக் காட்டி எந்தக் குடிமகருக்கும் கடைகளிலோ, பொது உணவகங்களிலோ, விடுதிகளிலோ தடை போடக் கூடாது என்கிறது. சாதிக்கு எதிரான வாசகம் என்றுதான் அதைப் படித்திருக்கிறோம். அதே வரியில் பாலும் இருக்கிறது. ‘இந்தச் சாதிக்கு ரூம் இல்லை’ என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் இந்தப் பத்திரிகையின் வாசகர்கள் அத்தனை பேரும் கொதித்து எழுவீர்கள். ‘லேடீஸ் இல்லம்மா’ என்பதைப் போர்டிலேயே எழுதி மாட்டியிருந்தாலும் நம் கண்ணுக்குப் படுவதில்லை.

‘இப்போதான் ஆப் வந்துடுச்சே?’ ஆப்பில் பணம் கட்டிவிட்டு வாசலில் நின்று இதே வசனத்தைக் கேட்ட தோழிகள் எனக்கு இருக்கிறார்கள். ஆப் மாறினாலும் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் மாறவில்லை.

இன்னொரு பதில் இருக்கிறது, கொஞ்சம் நாசூக்கானது: ‘அந்த ஏரியாவின் பழக்கமே அப்படி, காலங்காலமா ஆம்பளைங்க தங்குற இடம்.’ இது வரலாறே தெரியாத பேச்சு. மெரினா ஓரத்தில் விவேகானந்தர் இல்லம் இருக்கிறதே, அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1840களில் கட்டிய ஐஸ் ஹவுஸ் அது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே ஒன்பது நாள் தங்கினார். 1917இல் சகோதரி சுப்பலட்சுமி, கணவனை இழந்த சிறுமிகளையும் இளம்பெண்களையும் படிக்க வைக்க அந்தக் கட்டிடத்தில் விடுதி நடத்தத் தொடங்கினார். சின்ன வயதிலேயே விதவையாகி, பிறகு பட்டம் பெற்றவர் அவர். அது பிராமண விதவைகளுக்கான இல்லம், எல்லாப் பெண்களுக்குமானது அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் இருபது வருஷத்துக்கு மேல் பெண்கள் தங்கி, படித்து, ஆசிரியைகளாக வெளியேறிய கட்டிடம் அது. அதற்கு 1963இல் பெயர் வைத்தபோது ஒன்பது நாள் தங்கியவரின் பெயரைத்தான் வைத்தார்கள்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கோஷா ஆஸ்பத்திரி. இன்றைய பெயர் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. ஆண் டாக்டர் முன்னால் வரக் கூடாது என்று வீட்டோடு வைக்கப்பட்டிருந்த பெண்களுக்காக, மேரி ஷார்லீப் என்ற டாக்டரின் முயற்சியால் 1885இல் தொடங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை பெண்கள் அந்த ஏரியாவுக்கு வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். பிரசவத்துக்கு, பரீட்சைக்கு, இன்டர்வியூவுக்கு, கோயிலுக்கு, நடைபாதைப் புத்தகத்துக்கு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசுகூட வேண்டாம். ஏரியாவுக்குள் இலவசமாகப் போகலாம். காசு கொடுத்தாலும் ராத்திரி தங்க முடியாது.

அதனால்தான் மேன்ஷன் புராணத்தின் மேல் எனக்குக் கோபம். அந்தக் கதைகளில் வறுமை இருக்கிறது, பசி இருக்கிறது, மூட்டைப்பூச்சிகூட இருக்கிறது. கவுண்டரில் திருப்பி அனுப்பப்பட்ட ஒருத்தி இல்லை. எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் மாடியில் இருந்தார்கள், நாங்கள் வாசலோடு போய்விட்டோம். ‘ஏன் பெண்கள் அந்தக் காலத்துச் சென்னையைப் பற்றி இப்படி எழுதவில்லை?’ என்று சென்ற வருஷம் ஒரு கூட்டத்தில் ஒரு நண்பர் கேட்டார். அண்ணே, ஒரு ராத்திரி தங்கவிட்டிருந்தால் எழுதியிருப்போம்.

ஆண்கள் மேன்ஷனில் எனக்கு இடம் கொடு என்று நான் கேட்கவில்லை. பொது பாத்ரூம் வைத்த கட்டிடம் ஆண்களுக்கே இருக்கட்டும். அதே தெருவில், அதே வாடகையில், பெண்களுக்கும் மேன்ஷன் வேண்டும். பெண்கள் விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அரசின் தோழி விடுதிகளும் வந்திருக்கின்றன. நல்லது. ஆனால் அவை முதன்மையாக வேலைக்குப் போகிற பெண்களுக்கானவை. ஒரு ராத்திரிக்கு வருகிறவள் போய் நிற்பது தினவாடகை லாட்ஜின் முன்னால்தான். அங்கே ‘கூட யாரு?’ என்ற கேள்வி சட்ட விரோதம் என்று யாராவது உரக்கச் சொல்ல வேண்டும்.

போன மாதம் தேனியிலிருந்து ஒரு தங்கை கேட்டாள்: ‘அக்கா, புக் ஃபேருக்கு வர்றேன். திருவல்லிக்கேணில தங்கலாமா? எல்லாரும் அவ்ளோ எழுதியிருக்காங்களே.’ போன் பண்ணிக் கேட்டுவிட்டு வா, என் வீட்டிலும் இடம் இருக்கிறது என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. நானும் ஒரு பாயைத்தான் விரித்திருக்கிறேன்.

எனவே ஆண் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அங்கே தினவாடகை ரூம் எடுக்கும்போது, சாவியை வாங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘தனியா ஒரு பொண்ணு வந்தா ரூம் குடுப்பீங்களா?’ இல்லை என்றால், ஏன் என்று கேளுங்கள். பதில் என்ன வந்தாலும் ரூமுக்குப் போய் அதை எழுதுங்கள். மொட்டை மாடி இலக்கியம் அப்புறம் இருக்கட்டும்.