அடிக்கக் கற்பித்தோம், நேரம் அறியக் கற்பித்தோமா?

இரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலைப் பகுதியில் வாழும் நமக்குக் கூட்டம் புதிதன்று. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை இரவு முழுவதும் நிரம்பி வழிகிறது. டியூஷன் முடிந்து மஃரிபுக்குப் பின் வீடு திரும்பும் நம் பிள்ளைகள் அந்தக் கூட்டத்தினூடே நடந்து வருகிறார்கள். அவர்களின் பாதுகாப்பை எண்ணிப் பெற்றோர் பலர் கராத்தே வகுப்பிலும் சிலம்பக் கூடத்திலும் சேர்க்கின்றனர். நல்ல காரியமே. ஆனால், பிள்ளையின் இடுப்பில் பட்டையின் நிறம் மாறியதும் 'இனிக் கவலையில்லை' என்று நாம் நிம்மதி கொள்கிறோமே, அது பெருந்தவறு.

வகுப்பில் எதிரே நிற்பவர் எந்தக் கையால், எப்போது குத்துவார் என்பது முன்கூட்டியே தெரியும். வீதியில் எவரும் அறிவித்துவிட்டுத் தாக்குவதில்லை. கண் கண்டதற்கு உடல் அசையவே ஏறத்தாழ 0.2 வினாடி ஆகிறது. எதைச் செய்வது என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் இன்னும் கூடுகிறது. கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவனின் அடி அதற்குள் விழுந்துவிடும். கத்தியுடன் ஓடி வருபவன் 21 அடியை ஏறத்தாழ 1.5 வினாடியில் கடந்துவிடுவான் என்று அமெரிக்கக் காவல் பயிற்றுநர் டென்னிஸ் டுல்லர் 1983-இல் எச்சரித்தார். துப்பாக்கி ஏந்திய காவலருக்கே இந்த எச்சரிக்கை தேவைப்பட்டதெனில், புத்தகப் பை சுமந்து வரும் நம் மகளின் நிலை என்ன?

எனவே நமக்குக் கிடைக்கும் நேரம் அடிக்கு முன்பே இருக்கிறது. ஒருவன் தேவையின்றி நெருங்குவதைக் கவனிப்பது, விலகி நடப்பது, கடை வெளிச்சத்தை நோக்கிச் செல்வது, உரக்கக் கத்துவது ஆகியவையே முதல் தற்காப்பு. நல்ல சிலம்ப ஆசான் கம்பு வீச்சுக்கு முன் காலடியைப் பழக்குவதும் இதனால்தான். தூரத்தைக் காப்பவனே நேரத்தைப் பெறுகிறான்.

தொடங்கும் நேரம் போலவே நிறுத்தும் நேரமும் உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 40-ஆம் பிரிவுப்படி, உடலைக் காக்கும் உரிமை ஆபத்து நேரும் என்ற நியாயமான அச்சம் எழும்போதே தொடங்குகிறது; அந்த அச்சம் நீடிக்கும் வரையே நீடிக்கிறது. காவல்துறையை நாட அவகாசம் இருந்தால் அவ்வுரிமை இல்லை என்கிறது 37-ஆம் பிரிவு. மாலையில் அடி வாங்கியவன் இரவில் நண்பர்களைத் திரட்டிச் சென்று அடித்தால் அது பழிவாங்கல். வழக்கில் முதல் குற்றவாளியாக நிற்பவன் நம் மகனே.

நம் வீதிக்கு அருகிலேயே இதற்கொரு சான்று உண்டு. 1924 ஜூன் 26 அன்று இரவு ஆசிரமத்துக்குள் திருடர்கள் புகுந்தனர். இரமணர் எதிர்க்கவில்லை, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் சீடர்களுடன் வெளியேறினார். வெளியேறும்போது அவர் தொடையில் அடி விழுந்தது. சினமுற்ற சீடர் ஒருவர் இரும்புக் கம்பியை எடுத்தபோது, துறவிக்கு அது அறமன்று என்று தடுத்தார். திருடர்களுக்குக் கிடைத்தது சொற்பமே. பின்னர் அவர்கள் பிடிபட்டனர்.

அவர்களுடைய வழி வேறு, நம்முடைய மார்க்கம் வேறு. உயிரையும் பொருளையும் காக்கப் போராட இஸ்லாம் அனுமதிக்கிறது. தன் பொருளைக் காக்கும்போது கொல்லப்படுபவர் ஷஹீத் என்பது நபிமொழி. ஆயினும் உயிர்கள் வெளியே வந்துவிட்ட பின், சொற்பப் பொருளுக்காகக் கம்பியை ஓங்கியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று நாமும் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம். போரிலும் வரம்பு மீறாதீர்கள் என்று அல்லாஹ் கட்டளையிடுகிறான். பிறரை வீழ்த்துபவரை விட, கோபத்தின்போது தன்னை அடக்குபவரே வீரர் என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். பொறுமை என்பது துன்பம் தாக்கும் முதல் கணத்திலேயே என்றும் கூறினார்கள். ஐவேளைத் தொழுகையை வக்து தவறாமல் பேணக் கற்ற சமுதாயம் நாம். கையை ஓங்குவதற்கும் ஒரு வக்து உண்டென்பதை மட்டும் ஏன் மறந்தோம்?

பெற்றோரே, பயிற்றுநரிடம் பட்டையைப் பற்றிக் கேட்பதை விடுத்து இதைக் கேளுங்கள்: சொல்லாமல் வரும் தாக்குதலுக்குப் பழக்குகிறீர்களா? விலகி ஓடக் கற்பிக்கிறீர்களா? எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்கிறீர்களா? 112, 1098 ஆகிய எண்களைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யுங்கள். ஓடி வந்த மகனைக் கோழை என்று ஏசாதீர்கள். கத்தி ஊரைக் கூட்டிய மகளிடம் 'மானம் போயிற்றே' என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொல்லும் வீட்டில் அவள் அடுத்த முறை கத்தமாட்டாள். காப்பாற்ற வேண்டிய நேரமும் கடந்துவிடும். அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. ஆமீன்.