ராணி பார்க்காத ராணிக் கடிகாரம்

'மரி அந்துவானெத்தின் கடிகாரம்' என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். அந்த அம்மா அதைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

பாரிசில் பிரெகே என்பவரின் பட்டறைக்கு 1783இல் ஆர்டர் வந்தது. அரசியின் காவல் அதிகாரி ஒருவர் கொடுத்தது என்பார்கள். அன்றைக்குத் தெரிந்த அத்தனை நுட்பமும் ஒரே பாக்கெட் கடிகாரத்துக்குள் அடங்கணும். வேறு உலோகம் போடுகிற இடத்தில் முடிந்த மட்டும் தங்கம் போடணும். நேரத்துக்கும் செலவுக்கும் வரம்பு கிடையாது. 1793இல் அரசியின் தலை போனது. 1823இல் பிரெகேயும் இறந்தார். நின்றும் நடந்தும் வேலை முடிய 1827 ஆகிவிட்டது. மொத்தம் 823 உறுப்புகள். சாவி கொடுக்க வேண்டாம், ஆட்டத்திலேயே சுருள் இறுகிக்கொள்ளும். தேதி காட்டும், வெப்பம் காட்டும். இருட்டில் தட்டிவிட்டால் மணி, கால்மணி, நிமிஷம் என்று அடித்துச் சொல்லும்.

குனிந்து உட்கார்ந்து அரம் போட்டவன் பேர் அதற்கு இல்லை. ஒரு நாள்கூடக் கையில் வாங்காதவள் பேர் இருக்கிறது. ஏரி வெட்டியவன் சேரியில் கிடக்க, ஏரிக்கு எவன் பேரோ இருக்கிற ஊரிலிருந்து வந்தவனுக்கு இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. கோபப்பட நிறைய இருக்கு.

இதைச் சொன்னபோது முற்போக்கு எழுத்தாளர் ஒருத்தர், "என்ன தோழர், எதிலயும் குத்தம் கண்டா எப்படி? கலையைக் கலையா பாருங்க" என்றார். பார்க்கிறேன். நல்லாவே பார்க்கிறேன்.

கடிகாரத் தொழிலுக்குத் தாய்வீடுகளில் ஒன்று ஜெனீவா. பதினெட்டாம் நூற்றாண்டில் அந்த ஊரில் மனுசர்கள் பிறப்பால் தட்டுத்தட்டாகப் பிரிந்து கிடந்தார்கள். வந்து குடியேறியவர்களுக்கு அதே ஊரில் பிறந்த பிள்ளைகளுக்கு 'நத்தீஃப்' என்று பேர். பிறந்த மண்ணிலேயே ஓட்டு கிடையாது, பதவி கிடையாது. கடிகாரப் பட்டறைகளில் குனிந்தவர்களில் ஏராளமானோர் இவர்கள்தான். (காசு கட்டி மேல் தட்டுக்கு ஏற அங்கே ஒரு சந்து இருந்தது. நம்ம ஊர் சாதி அந்தச் சந்தையும் அடைத்துவிட்டது. அதனால் இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை.) 1782இல் கலகம் வெடித்தது. உரிமையற்றவர்களும் அதில் சேர்ந்தார்கள். அதே ஜூலையில் பிரான்ஸ், பெர்ன், சார்டினியா மூன்றின் படைகளும் வந்து அடக்கின. பலர் ஊரைவிட்டு ஓடினார்கள். பிரான்சின் படையை அனுப்பியது யார்? பதினாறாம் லூயி. மறு வருஷம்தான் அவன் பெண்டாட்டி பேரில் இந்தக் கடிகார ஆர்டர். கடிகாரத்தைப் புகழ்கிற எழுத்துகளில் இந்த 1782ஐ எங்கேயாவது பார்த்தீர்களா?

தங்கப் பளபளப்பையும் பேசணும். அந்தக் காலத்தில் முலாம் பூசுவதென்றால் தங்கத்தைப் பாதரசத்தில் குழைத்துத் தடவி நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகிப் போகும், தங்கம் ஒட்டிக்கொள்ளும். போகிற ஆவி எங்கே போகும்? வேலைக்காரன் மூச்சுக்குள்தான். கை நடுங்கும், பல் கொட்டும். 1814இல் செத்த ராவ்ரியோ என்ற பாரிஸ் வெண்கலப் பட்டறை முதலாளி, இந்த விஷத்திலிருந்து முலாம் பூசுகிறவனைக் காக்க வழி கண்டுபிடிப்பவருக்கென்று உயிலில் பரிசுப் பணம் ஒதுக்கிவிட்டுப் போனார். சாகும்போதாவது உறைத்திருக்கிறது.

இது பாக்கெட் கடிகாரம். பாக்கெட் இருக்க முதலில் சட்டை வேணும். பிரெகேயின் பட்டறை இதை முடித்து நூறு வருஷத்துக்கு அப்புறம், 1930 டிசம்பரில், ராமநாதபுரத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். பொன் வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் சட்டை, கோட்டு, பனியன் போடக் கூடாது. பெண்கள் மாராப்பு போடக் கூடாது. மீறிய குடிசைகள் எரிந்தன. ஹட்டன் தன் புத்தகத்தில் இதைப் பதிந்து வைத்திருக்கிறார். ராஜாக்களின் தங்கக் கடிகாரத்தை 'மனிதகுலத்தின் பொதுச் சொத்து' என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தப் பட்டியல்தான் ஞாபகம் வருது. எந்த மனிதகுலம்? பையே இல்லாதவனும் அதில் சேர்த்தியா?

1983இல் ஜெருசலேம் அருங்காட்சியகத்திலிருந்து இந்தக் கடிகாரம் திருடுபோய், 2007இல் கிடைத்த செய்தி வந்தது. அதற்குள் கம்பெனி நகல் செய்ய ஆரம்பித்திருந்தது. 2008இல் காட்டினார்கள். அதை வைக்கிற பெட்டிக்கு மரம் எங்கிருந்து? வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் ராணிக்குப் பிடித்த ஓக் மரத்திலிருந்து! இருநூறு வருஷம் கழிச்சும் விற்பது ராணியைத்தான்.

பட்டறைக் கணக்கில் அதற்கு வேறு பேர் இருந்தது. எண் 160. வேலை செய்தவர்கள் மேசையில் அது வெறும் 160தான். நம்ம பத்திரிகையில், நம்ம வகுப்பறையில் இனி இதைப் பற்றிப் பேசினால் அப்படியே எழுதுங்கள்: 160.