ரவுட்டரின் சாவி யாரிடம்?

கதிரவெளி உறவுகளே,

"எங்கட ரவுட்டர்ல களவெடுக்க என்ன கிடக்கு?" என்று இனியும் கேட்காதீர்கள். கள்வனுக்கு உங்கள் போட்டோ தேவையில்லை. உங்கள் இணைப்பே போதும்.

2016இல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் புகுந்தது. பூட்டை உடைத்தல்ல. கம்பனி போட்டுக் கொடுத்த 'அட்மின்' போன்ற அறுபது சொச்சம் பாஸ்வேர்ட்களை மாறி மாறிப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான்.

இணைப்பு உங்கள் பெயரில். எவனோ அதன் வழியாக எதையாவது செய்தால், முதலில் தேடி வருவது உங்கள் வாசலுக்கு. 2020 ஏப்ரலில் முகநூல் பதிவுக்காகக் கைதான முஸ்லிம் ஒருவருக்குப் பிணை கிடைக்க ஐந்து மாதம் சென்றது. தானே எழுதியவருக்கே அந்தக் கதி. நீங்கள் செய்யாத ஒன்றைச் செய்யவில்லையென்று எப்படிக் காட்டுவீர்கள்?

பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல், இலகுவில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்ட்டுடன் இக்கருவிகளை விற்கவே முடியாது. இங்கோ கொழுவ வருபவர் வயரைக் கொழுவிவிட்டுப் போகிறார். மாற்றுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் அதே விதியைக் கேட்போம். ஆனால் அதுவரை கைகட்டி இருக்க வேண்டாம்.

இன்றே செய்யுங்கள்:
- வைஃபை பாஸ்வேர்ட் மட்டும் போதாது, ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்ட்டையும் மாற்றுங்கள்.
- டபிள்யூ.பி.எஸ்., ரிமோட் மெனேஜ்மென்ட் இரண்டையும் நிறுத்துங்கள்.
- அப்டேட் வந்தால் போடுங்கள்.
- பழைய ரவுட்டர் வாங்கினால் முதலில் ரீசெட் பண்ணுங்கள்.

தெரியாவிட்டால் ஓ.எல். படிக்கும் பிள்ளையிடம் கேளுங்கள், வெட்கமில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்கச் சொன்னது எங்கள் மார்க்கம்.